ஒரே ஒரு வீடு

“மக்ளே, ஞாயிற்றுக்கிழமை பொண்ணு வீட்டுக்காரங்க நம்ம வீடு பார்க்க வாறாங்க. போட்டோவையாவது பாரேன்” என்றாள் அம்மா போனில்.

“அன்னைக்கு எனக்கு ஆபீஸ் உண்டும்மா” என்று புளுகிவிட்டு போனை வைத்தான் பிரஜின்.

பக்கத்து சீட்டில் அனுஷா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். கழக்கூட்டத்து மேப்பிங் கம்பெனியில் அவள் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

“கரமனையில உள்ள எல்லா வீட்டுக்கும் பரப்பளவு போடச் சொன்னா, சாஃப்ட்வேர் ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் போடுது. சாயங்காலம் சார் கேட்பாரு.”

“ஏதோ ஒரு வீட்டை செலக்ட் பண்ணி விட்டிருப்பீங்க. செலக்ட் ஆனதுக்கு மட்டும்தான் அது கணக்குப் போடும்.”

“ஐயோ, நான் ஒண்ணும் பண்ணல்ல!”

“பார்த்துருவோம்.” அந்த வீட்டைப் பெரிதாக்கிக் காட்டும் பட்டனைத் தட்டினான். அனுஷா “வேண்டாம்” என்பதற்குள் திரையில் ஒரு குறுகிய தெருவும், மொட்டை மாடியில் நீலத் தண்ணீர்த் தொட்டியும் வந்து நின்றன.

“இது எங்க வீடாக்கும்!” என்றான் பிரஜின்.

அனுஷா தலையைக் குனிந்துகொண்டாள். “எங்க கார் உங்க தெருவுக்குள்ள நுழையுமான்னு அப்பா பார்க்கச் சொன்னாங்க.”

பிரஜின் வராந்தாவுக்கு ஓடிப்போய் போனை எடுத்தான்.

“அம்மா, ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் லீவுதானாம். தெருவில நிக்கிற ஸ்கூட்டரை எல்லாம் அன்னைக்கு உள்ள எடுத்து வைக்கச் சொல்லு. கார் வரணும்.”