கூலி நடை

"வேண்டுதல் உங்களுது, கொப்புளம் மட்டும் என்னுதா மேஸ்திரி?"

கடலோரச் சாலையில் நொண்டிக்கொண்டே நடந்த நெட்டையன் சத்தமாகவே கேட்டான். பக்கத்தில் மொபெட்டை நடை வேகத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்த மேஸ்திரி, காதில் விழாதவர்போலத் தண்ணீர்க் கேனை நீட்டினார்.

"குடி. பேசுற மூச்சை மிச்சம் பிடிச்சா இன்னும் கொஞ்ச தூரம் போகலாம்."

நெட்டையன் மண் வெட்டுகிறவன். குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் சரிந்து அவனை மூடியதிலிருந்து அவனுக்கு வேலை இல்லை. ஆஸ்பத்திரியில் கிடந்து, ஊன்றுகோலில் தொங்கி, ஒரு வழியாகக் கால் தரையில் பாவத் தொடங்கியதும் மேஸ்திரியிடம்தான் போய் நின்றான்.

"எனக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கு. தலம் வரைக்கும் நீ நட. அப்புறம் வேலையைப் பத்திப் பேசலாம்" என்றார் அவர்.

வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. கிளம்பிவிட்டான்.

வாரம் ஒன்று ஓடிவிட்டது. உப்பளம் தாண்டினால் வயல், வயல் தாண்டினால் மறுபடி கடல். வியர்த்த முதுகில் உப்புக் காற்று பட்டு எரிந்தது.

"அப்படி என்னதான் வேண்டிக்கிட்டீங்க? அணைக்கட்டு கான்ட்ராக்ட் கிடைக்கணும்னா?"

"போய்ச் சேர்ந்ததும் சொல்றேன்."

"பொண்ணு கல்யாணமா?"

"நடடா."

டீக்கடையில் இளைப்பாறிக்கொண்டிருந்த யாத்திரைக் கூட்டத்தில் ஒருத்தி, மொபெட்டையும் நெட்டையனின் வீங்கிய காலையும் மாறி மாறிப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்யா, வேண்டுதலையே ஆள் வச்சு முடிக்கிறியே, சோத்தையும் ஆள் வச்சுத்தான் திங்கிறியா?"

கடையே சிரித்தது. வேலை இடத்தில் ஒரு சொல் பொறுக்காத மனுஷன், தலையைக் குனிந்துகொண்டு டீயை ஊதினார். நெட்டையனுக்குக் கால்வலி பாதி குறைந்த மாதிரி இருந்தது.

மதியத்துக்கு மேல் முட்டி மடங்க மறுத்தது. மேஸ்திரி பெட்ரோல் போடப் போயிருந்த நேரம் பார்த்து, மீன் லாரி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது.

"ஏறிக்க தம்பி. தலத்து வாசல்லயே இறக்கி விடுறேன்" என்றார் டிரைவர்.

நெட்டையன் ஏறிவிட்டான். லாரி வேகம் பிடிப்பதற்குள் மொபெட் குறுக்கே வந்து விழாத குறையாக நின்றது.

"இறங்குடா!"

"கால் போச்சு மேஸ்திரி. உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா?"

"கிடையாது. ஏறின இடத்துக்கே திரும்பி வந்து நட. இல்லேன்னா வேலைன்னு என் வாசல் பக்கம் தலை காட்டாதே."

"நீயெல்லாம் ஒரு மனுஷனாய்யா?" என்று டிரைவரே கேட்டுவிட்டுப் போனார்.

ஆத்திரத்தில் நெட்டையனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அந்த ஆத்திரம்தான் அவனைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போனது. வேலை கிடைக்கட்டும், முதல் சட்டி மண்ணை இந்த ஆள் தலையிலேயே கொட்டுகிறேன் என்று முனகிக்கொண்டே நடந்தான். மேஸ்திரியின் கண் ரோட்டில் இல்லை. அவன் கால்களையே பார்த்துக்கொண்டு வந்ததில், எதிரே வந்த சைக்கிள்காரன் மேல் மோதப் பார்த்தார்.

வெயில் இறங்கும்போது கோபுரம் தெரிந்தது. வாசற்படி வரை நடந்து, பொத்தென்று உட்கார்ந்தான் நெட்டையன்.

"நடந்தாச்சு. என் வேலை?"

"திங்கட்கிழமை வந்துடு. பள்ளத்துல இறங்க வேணாம். மேலே நின்னு ஆளுங்களைப் பாத்துக்க."

நெட்டையன் நம்ப முடியாமல் அவரை ஏற இறங்கப் பார்த்தான். கோபத்தில் பாதி வடிந்துவிட்டது.

"சரி, நீங்க உள்ளே போய் உங்க வேண்டுதலை முடிச்சுட்டு வாங்க. நான் இங்கேயே கிடக்கேன்."

மேஸ்திரி மொபெட்டை நிறுத்திவிட்டு வந்து, அவன் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தார்.

"நீதான்டா உள்ளே போகணும். அன்னைக்கு மண்ணுக்குள்ளேருந்து உன்னை இழுத்துப் போட்டப்ப மூச்சே இல்ல. உன் நெஞ்சை அமுக்கிக்கிட்டே சாமிகிட்ட நான் கேட்டது ஒண்ணுதான்: 'இவனை எழுப்பிக் குடு, இவன் கால்லயே உன் வாசலுக்கு நடத்திக் கூட்டிட்டு வர்றேன்.'"