ஒன்பது கதவுகள்

"மேடம், உங்களையும் பிடிச்சுட்டாங்களா?"

கேட்டவர் கட்டட அனுமதி அலுவலகத்தின் தலைமை எழுத்தர். இடம், ஊழல் ஒழிப்பு ஆணையத்தின் மூன்றாவது மாடிக் காத்திருப்பு அறை. குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தும் மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது.

எதிரில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த பெண், அருங்காட்சியகத்தில் பதிவேடு எழுதுபவர். "பிடிக்கலை சார். வரச் சொன்னாங்க, வந்தேன்" என்றார்.

"எனக்கும் அதேதான். 'காலை பத்து மணிக்கு வரவும். காரணம் கேட்க வேண்டாம். வீட்டிலும் சொல்ல வேண்டாம்.' உங்களுக்கு?"

"எழுத்துக்கு எழுத்து அப்படியே. கீழே போனையும் வாங்கி வச்சுக்கிட்டாங்க."

"அப்போ ரெண்டு பேர் கதையும் முடிஞ்சது." எழுத்தர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நேத்து ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல. நீங்க தூங்கினீங்களா?"

"எதுக்குக் கூப்பிடறாங்கன்னு யோசிச்சுப் பார்த்தேன். ஒண்ணும் பிடிபடலை. சரி, அவங்களே சொல்லட்டும்னு தூங்கிட்டேன்."

"தூங்கிட்டீங்களா!" எழுத்தர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இவங்க அதிகாரம் தெரியாமப் பேசறீங்க மேடம். சொல்லாமக் கொள்ளாம வீட்டுக்குள்ள நுழையலாம். பீரோவைத் திறக்கலாம். பொண்டாட்டி பேர்ல என்ன இருக்கு, மச்சான் பேர்ல என்ன இருக்குன்னு தோண்டலாம். மந்திரியையே உட்கார வச்சுக் கேள்வி கேக்கலாம். நானெல்லாம் எந்த மூலைக்கு?"

"சரி சார், நீங்க அப்படி என்னதான் பண்ணினீங்க?"

எழுத்தர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்க வீட்டுல ஒன்பது கதவு. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. வாசக்கதவு ஒரு ஹோட்டல்காரர் கொடுத்தது. சமையலறைக் கதவு ஒரு டாக்டர். குளியலறைக் கதவு கல்யாண மண்டபம். யார் பிளான் பாஸ் ஆனாலும் அங்க ஒரு கதவு மிஞ்சிப்போகும், எனக்கு வந்துடும். டைல்ஸும் அப்படித்தான், ஹால்ல மட்டும் ஆறு கலர்."

பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "வீட்டுல கேக்கலையா?" என்றார்.

"பொண்ணு கேட்டா. ஃபேஷன்னு சொல்லி வச்சேன். அவ இப்போ சட்டம் படிக்கிறா மேடம். இவங்க வந்து அவ கண்ணு முன்னாடி ஒவ்வொரு கதவா எண்ணினா நான் செத்தே போயிடுவேன். வேலை போனாப் போகட்டும். அவளுக்கு என் வாயாலதான் தெரியணும்."

பெண் ஆரஞ்சில் பாதியை அவரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நானே முந்திக்கிட்டா? உண்மையை எழுதிக் கொடுத்துட்டா வீட்டுக்கு வர மாட்டாங்க இல்ல?"

"அவசரப்படாதீங்க சார். எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு முதல்ல கேளுங்க."

"கேட்டப்புறம் கொடுத்தா அதுக்கு மதிப்பே இல்ல. எனக்கு இப்போ எழுத வராது, நீங்க எழுதுங்களேன். எங்கூடப் பிறந்த தங்கச்சி மாதிரி கேக்கறேன்."

தங்கச்சி என்று சொன்ன பிறகு என்ன செய்வது? பெண் தன் பையிலிருந்து நோட்டை எடுத்தார். இருபது வருடம் சிலைகளுக்கும் பானைகளுக்கும் குறிப்பு எழுதிய கை. கதவு வாரியாக, மரம், நிறம், கொடுத்தவர், ஆண்டு என்று ஒன்றையும் விடாமல் அழகாக எழுதினார். நடுவில், "தேக்கா, வேங்கையா?" என்றுகூடக் கேட்டுக்கொண்டார்.

எழுத்தர் கையெழுத்துப் போட்டார். "கீழே சாட்சின்னு நீங்களும் ஒண்ணு போடுங்க. சாட்சிக் கையெழுத்து இல்லாத காகிதத்தை எங்க ஆபீஸ்ல நான் தொடவே மாட்டேன்."

அதையும் போட்டார்.

எழுத்தர் நீளமாக மூச்சு விட்டார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு மனசு லேசானது. அவருக்கே ஆச்சரியம், பசித்தது. பாதி ஆரஞ்சை வாங்கிச் சுளை சுளையாக ரசித்துத் தின்றார். "அடடா, என்ன இனிப்பு! இன்னிக்கே பொண்ணுகிட்ட சொல்லிடறேன் மேடம். அப்புறம் நிம்மதியாத் தூங்குவேன்."

கதவு திறந்தது. ஆணையத்தின் அதிகாரி சிரித்த முகத்தோடு வந்தார். "மன்னிக்கணும், ரொம்ப நேரம் காக்க வச்சுட்டோம். உங்களை எதுக்குக் கூப்பிட்டோம்னா..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் சார். எல்லாம் இதுல இருக்கு." எழுத்தர் காகிதத்தை அவர் கையில் திணித்தார்.

அதிகாரி நின்றபடியே படித்தார். முதல் பக்கத்தில் சிரிப்பு போயிற்று. இரண்டாம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"சார், பக்கத்து ஊர்ல ஒருத்தரைக் கையும் களவுமாப் பிடிக்கப் போறோம். அதுக்கு வேற துறையில வேலை பார்க்கிற ரெண்டு பேரைச் சாட்சியாக் கூட்டிட்டுப் போகணும், அது விதி. விஷயம் வெளிய கசியக்கூடாதுன்னு சாட்சிகளுக்குக்கூட முன்னாடி காரணம் சொல்றதில்ல. உங்க மேல ஒரு புகார்கூட இல்லைன்னு பார்த்துத்தான் உங்க பேரை எடுத்தோம்."

எழுத்தரின் வாயில் கடைசிச் சுளை அப்படியே நின்றது.

அதிகாரி மேஜைத் தொலைபேசியை எடுத்தார். "வண்டியை நிறுத்தி வைங்க. புதுசா ரெண்டு சாட்சி வேணும். ஆமா, வந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் மேல இப்போ கேஸ் போடறோம், அந்தக் கேஸுக்கு இன்னொருத்தர்தான் முதல் சாட்சி."