ஆறு மணிக்குத் திறக்கும் நரி

"ஒரு கம்ப்யூட்டருக்கு எதுக்குங்கம்மா மூணு பிரவுசர்? குரோம் ஒண்ணு போதுங்க. மத்த ரெண்டையும் தூக்கிடலாம்."

கயல்விழி ஒன்றைச் சொல்லிவிட்டால் மறுபேச்சுக்கு இடமிருக்காது. ஜவ்வரிசி தயாரிக்கும் நாமகிரிப்பேட்டை சேகோ ஃபேக்டரியில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. இதுவரை ஒரு தப்பு வந்ததில்லை. அந்தத் தெம்பு அவள் நடையிலேயே தெரியும்.

தெம்பு இருக்காதா பின்னே? அவளுக்கு முன்னால் இருந்த கிளார்க், சரக்கு லாரியோடு போக வேண்டிய அரசாங்க இ-வே பில்லில் ஒரே ஒரு லாரி நம்பரைத் தப்பாக அடித்தான். வரி அதிகாரிகள் ஜவ்வரிசி லோடோடு லாரியை வழியில் மறித்து ரெண்டு நாள் நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் நாள் அவன் நாற்காலியில் கயல்விழி உட்கார்ந்திருந்தாள்.

"மெக்கானிக்கும் அதையேதான் சொன்னாப்ல. சிஸ்டம் ஊர்ந்துட்டுக் கெடக்குது. நீயே பார்த்துத் தூக்கிரு கண்ணு" என்றார் முதலாளியம்மா சௌந்திரம்.

ஓபராவை அங்கே யாரும் திறந்ததே இல்லை. ஒரு நிமிடத்தில் போய்விட்டது. அடுத்தது ஃபயர்பாக்ஸ், நரி படம் போட்டது.

"அது மட்டும் இருக்கட்டும் கண்ணு."

வாசலில் நாச்சிமுத்து. லாரிகளில் லோடு ஏற்றுவதைப் பார்த்துக்கொள்பவர். இருபது வருடமாக அதே வேலை, அதே காக்கிச் சட்டை.

"ஏனுங்கண்ணா, அதுல நீங்க என்ன பாக்கறீங்க?"

"சும்மா... என்னமோ பாப்பேன்."

கயல்விழி இதற்குத்தான் காத்திருந்தாள்.

"அம்மா, நானா சொல்லக்கூடாதுன்னு இருந்தேனுங்க. தெனமும் ஆறு மணிக்கு நான் ராசிபுரம் பஸ்ஸுக்குக் கிளம்புனதும் இவரு வந்து இங்க உக்காந்துக்கறாரு. ஒருநாள் டிபன் பாக்ஸ மறந்துட்டுத் திரும்பி வந்தேன். என்னையப் பார்த்ததும் இந்த நரிய டப்புனு மூடுனாரு."

சௌந்திரத்தின் முகம் மாறியது. "அப்படி என்னப்பா பாக்கற? தொறந்து காட்டு. எல்லாரும் பாக்கலாம்."

நாச்சிமுத்து கயல்விழியை ஒரு தடவை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"வேண்டாங்கம்மா. ரம்மி ஆடுவேனுங்க. அதுல பாக்கறதுக்கு என்ன இருக்குது? எடுத்துருங்க."

"சீட்டாட்டமா? நீயா?" முதலாளியம்மாவுக்குக் கோபத்தை விட வருத்தம்தான் அதிகம். "உன்னைய நம்பி குடோன் சாவியவே குடுத்து வெச்சிருக்கறனே! சாவிய மேசை மேல வெச்சுட்டுப் போ. இனிமே ஆபீஸுக்குள்ள கால் வைக்காத."

சாவியை வைத்துவிட்டு அவர் படியிறங்கிப் போனார். சௌந்திரமும் முணுமுணுத்துக்கொண்டே ஜவ்வரிசி காயும் களத்துக்குப் போய்விட்டார்.

கயல்விழிக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. தூக்குவதற்கு முன்னால், மனுஷன் எத்தனை நாளாக ஆடுகிறார் என்று பார்த்துவிடலாமே? நரியைத் திறந்து ஹிஸ்டரியைத் தட்டினாள்.

ரம்மியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வரிக்கு வரி ஒரே ஒரு வெப்சைட், இ-வே பில் போடும் வெப்சைட். எல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். 'வண்டி எண் மாற்றம்' என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது.

டவுன்லோடு ஆகியிருந்த ஒரு பில்லைத் திறந்தாள். நேற்று அவள் போட்ட நாக்பூர் லோடு. லாரி புக்கிங் ஆபீஸ் போனில் சொன்ன நம்பரைக் கேட்டு அவள் அடித்தது 4871. கீழே திருத்தியிருந்தது 4817.

லாரி வந்து சேர்வதே அவள் கிளம்பிய பிறகுதான். நம்பர் பிளேட்டைப் பில்லோடு ஒத்துப் பார்க்க அந்த நேரத்தில் அங்கே இருப்பவர் ஒருவர்தான்.

இன்னொன்றைத் திறந்தாள். இந்தூர். இன்னொன்று. புனே. நாலு மாதத்தில் பதினோரு பில். பதினொன்றும் அவள் போட்டது, அவர் திருத்தியது. குரோமில் திருத்தினால் காலையில் அவள் கண்ணில் பட்டுவிடும். அதனால் தனியாக ஒரு நரி.

அப்படியானால் ஒரு தப்பும் வராத அந்த நாலு மாதம்?

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"என்ன கண்ணு, நரியத் தொரத்தியாச்சா?" களத்திலிருந்து வந்துகொண்டே கேட்டார் சௌந்திரம்.

கயல்விழி மேசைமேல் கிடந்த குடோன் சாவியைப் பார்த்தாள். பேசாமல் ஒரு பட்டனை அமுக்கினால் போதும். பதினொன்றும் போய்விடும். அவளுடைய வேலைக்கு ஒரு ஆபத்தும் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரை வாசல் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"இல்லீங்கம்மா, நரி இருக்கட்டும். தூக்கறதா இருந்தா என்னோட குரோமைத்தான் தூக்கணும். நீங்களே வந்து பாருங்க."