சர்டிபிகேட் வயது

சங்கரலிங்கத்தின் தட்டில் எவ்வளவு சோறு என்பதை சர்க்கரை நோய்க்காக அவர் கையில் பதித்த மின்சில்லுதான் முடிவு செய்யும். சமையலறை இயந்திரம் அளந்து போடும். அதற்கு மேல் ஒரு பருக்கை வைக்கக்கூட அவர் மனைவி கோமதி சம்மதித்ததில்லை.

“கை நடுங்குது கோமு. இன்னும் ஒரு கரண்டி.”

“மூணு மாசமா சர்க்கரை நூறைத் தாண்டல. கெடுத்துக்காதீங்க.”

அன்று மாலை சர்க்கரை சரிந்து, அவர் இதயம் நின்றுவிட்டது.

“எழுபத்தஞ்சு தாண்டினவங்களுக்குச் சில்லே கட்டுப்பாட்டைத் தளர்த்திடும்மா. அடிக்கடி சர்க்கரை இறங்கினா அந்த வயசுல இதயம் தாங்காது,” என்றார் டாக்டர். “ஆனா இவருக்கு எழுபத்திரண்டுதானே?”

எழுபத்தாறு. பள்ளியில் சேர்க்கும்போது அப்பா நான்கு வயதைக் குறைத்து எழுதிவிட்டதாக அவர் சொல்லிச் சிரிப்பார். சில்லு பதித்த நாளில் வயதைக் கேட்ட நர்ஸிடம், “சர்டிபிகேட்ல இருக்கிறதையே போடும்மா, எதுக்கு வம்பு” என்று சொன்னது கோமதிதான்.