ஆண்கள் பிரிவு, மூன்றாம் இடம்

கணவரின் எண்ணட்டையைத் தன் பனியனில் குத்திக்கொண்டிருந்தாள்.

நாலு ஊக்கு. மூன்று ஒழுங்காகப் போனது. நாலாவது விரலில் ஏறியது.

512. அட்டையில் பெயர் இல்லை, எண் மட்டும்தான். பின்பக்கம் ஒரு சின்ன மின்னணுச் சில்லு ஒட்டியிருந்தது. புறப்படும் கோட்டையும் முடியும் கோட்டையும் தாண்டும்போது நேரத்தைக் குறிப்பது அதுதான்.

அவளுக்கென்று வந்த அட்டையில் சில்லு கிடையாது. ரோஸ் நிற அட்டை. 'மகளிர் மகிழ்நடை, இரண்டு கிலோமீட்டர்.'

ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். போனில் படிவத்தை நிரப்பியது அவர். தனக்கு ஐந்து போட்டுக்கொண்டார். அலுவலகத்தில் எல்லோரும் போட்டார்களாம். அவளுக்கு நடை.

"பொம்பளையளுக்கு அதான இருக்கு? டிபன் பாக்ஸ் வேற தாராங்களாம்."

டிபன் பாக்ஸ். வீட்டில் ஏற்கெனவே ஒன்பது கிடக்கிறது.

நாலு மாதம். விடிவதற்கு முன்பே துறைமுகச் சாலை. மூன்று விளக்குக் கம்பம் உயிரைக் கொடுத்து ஓடுவாள். ஒரு கம்பம் நடப்பாள். மறுபடி மூன்று. ஐந்து கிலோமீட்டர் முப்பத்து நாலு நிமிடத்தில் தொடங்கியது இருபத்தெட்டில் வந்து நின்றது. இருபத்தேழுக்குள் வந்துவிட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. கைக்கடிகாரத்தைக் காட்டினால் யார் நம்புகிறார்கள்? நீயா அமுக்குற, நீயா நிப்பாட்டுற என்று சிரித்தவர் வேறு யாரும் இல்லை, அவர்தான்.

இயந்திரம் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

அந்த நாலு மாதத்தில் அவருடைய பங்கு என்று ஒன்று உண்டு. காப்பி ஏழு மணிக்குத்தான் கிடைக்கிறது என்ற புலம்பல்.

இன்று காலை அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. எண்ணட்டையை எடுத்து நீட்டினார். நீ மாட்டிக்கிட்டு ஓடேன் என்றார்.

வள்ளல்.

வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லலாம்தான். சொன்னால் டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு கடற்கரையில் நடக்க வேண்டும்.

ஓடினாள்.

கோபம் காலுக்கு நல்லது போலிருக்கிறது. முதல் மூன்று கிலோமீட்டர் போனதே தெரியவில்லை. நாலாவதில் உப்புக்காற்று முகத்தில் அடித்தது, விலா பிடித்து இழுத்தது. இழு, எவ்வளவு வேண்டுமானாலும் இழு என்று ஓடினாள்.

முடியும் கோட்டுக்கு மேலே பெரிய கடிகாரம்.

26:38.

குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். யாரும் பார்க்காமல் சிரித்தாள்.

எட்டு மணிக்குப் பரிசளிப்பு. ஒலிபெருக்கி கரகரத்தது.

ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் பிரிவு. மூன்றாம் இடம். இருபத்தாறு நிமிடம், முப்பத்தெட்டு விநாடி. திரு. ஞானதுரை.

அலுவலகத்து ஆட்களோடு நின்ற கணவரை அவள் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். சிரித்துவிடுவார், கையை ஆட்டி மறுத்துவிடுவார் என்று நினைத்தாள்.

அவர் காலரைச் சரிசெய்தார்.

அலுவலகத்து ஆட்கள் கைதட்டினார்கள். மேடைக்கு ஐந்து படி. பிடித்துக்கொண்ட முழங்கால் ஐந்தையும் மடமடவென்று ஏறியது.

குனிந்து கழுத்தில் பதக்கம் வாங்கினார். கூப்பிட்டுவிட்டார்கள், கூச்சத்தில் போய்விட்டார், பாவம். அவளே ஒரு சமாதானம் கண்டுபிடித்தாள். இருபத்திரண்டு வருடமாகக் கண்டுபிடித்துப் பழக்கம்.

அறிவிப்பாளர் ஒலிவாங்கியை அவர் வாயருகே நீட்டினார். இந்த வயதில் எப்படி சார்?

"தெனமும் வெள்ளென நாலரைக்கு எந்திரிச்சிருவேன். துறைமுக ரோடு. மூணு கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை. திரும்ப மூணு கம்பம்."

ஞாயிற்றுக்கிழமை நீண்ட தூரம் என்பதைச் சொன்னார். வெள்ளிக்கிழமை ஓய்வு என்பதையும் சொன்னார். ஓடுவதற்கு முன்னால் ஒரே ஒரு வாழைப்பழம் என்பதைக்கூட விடவில்லை.

எல்லாம் தெரிந்திருக்கிறது. நாலு மாதத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள், இன்றைக்கு எத்தனை நிமிடம் என்று கேட்டதில்லை.

"வீட்ல சப்போர்ட்டும் முக்கியம்" என்று அவள் நின்ற பக்கம் கைகாட்டினார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்து அவளுக்கும் கைதட்டினார்கள்.

அவள் நடந்தாள். மேடைக்கு இல்லை. பக்கத்துப் பந்தலில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த நேரக்காப்பாளரிடம் போனாள். ஊக்குகளைக் கழற்றினாள். வியர்வையில் ஊறிப்போன அட்டையை மேசையில் வைத்தாள்.

இதை மாட்டிக்கொண்டு ஓடியது நான் என்றாள்.

நேரக்காப்பாளர் அட்டையைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை.

அடுத்தவர் எண்ணில் ஓடினால் அந்த ஓட்டம் செல்லாது. பதக்கம் திரும்பிவிடும். அதோடு நேரமும் போய்விடும். எந்தப் பட்டியலிலும் இருக்காது, யார் பெயரிலும் இருக்காது. விதியை அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தி, பேசாமல் விட்டுவிட்டால் நேரமாவது மிஞ்சுமே அம்மா என்றார்.

திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

512. ஞானதுரை. 26:38.

அந்த எண்களை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

"அழிச்சிருங்க."