வாழைத்தோல் சோதனை

மின்கம்பியைப் பொருத்தும் வெள்ளிப் பசை வாழைத்தோலில் ஒட்ட மாட்டேன் என்றது.

ஆராய்ச்சி மாணவி அதைத் துடைத்தாள். திரும்ப வைத்தாள். சனியன், இப்போது ஒட்டியது.

இந்த ஆய்வகத்தில் இதுதான் சட்டம். தன் படிகம் மின்சாரத்தில் புரள்கிறது என்று யார் வந்து நின்றாலும், வழிகாட்டி செங்கமலம் மேடம் முதலில் வாழைத்தோலை அளக்கச் சொல்வார். மின்சாரம் கசிகிற எந்தக் குப்பையும் திரையில் ஒரு வளையம் வரைந்துவிடும். தோலின் வளையமும் படிகத்தின் வளையமும் ஒன்றுபோல் இருந்தால் ஐந்து வருட உழைப்பு அம்பேல்.

போன மாதம் அவளுக்கு அப்படித்தான் ஆனது. கழிப்பறையில் போய் அழுதாள்.

அவளுடைய ஆராய்ச்சித் தலைப்பை மாற்றும் படிவம் மேடத்தின் மேசையில் தயாராக இருக்கிறது. இன்று ஐந்து மணிக்குள் ஆபீஸுக்குப் போக வேண்டும்.

அதனால் இன்று யாரும் சொல்லாமலே பழம் வாங்கி வந்தாள். உரித்த பழத்தைத் தின்னக்கூடப் பொறுமையில்லை.

தோல் ஒரு வளையம் வரைந்தது. உப்பலாக, முனை மழுங்கி, சோம்பேறித்தனமாக.

இனி, புதிதாக வளர்த்த படிகம்.

மூக்குத்திக் கல் அளவுதான். கறுப்பு. ஆறு பக்கம். உலையின் சூட்டில் அதன் அணுக்கள் ஒரே மட்டத்தில் நிற்கும். ஆறும்போது அந்தச் சமம் கெடும். சில மேலே ஏறும், சில கீழே இறங்கும். ஏறியதை மின்சாரம் கொடுத்து இறக்க முடிய வேண்டும்; அதுதான் புரளல். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அது இறங்கியபடியே இருக்க வேண்டும்.

அவ்வளவுதான் அவள் கேட்டது.

பொத்தானை அழுத்தினாள்.

கோடு ஏறியது. சட்டென்று புரண்டது. மேலே தட்டையாக நின்றது. கீழேயும் அப்படியே. முனை இரண்டும் ஊசி.

அடியாத்தி!

தோலின் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மேடம் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையருகே குனிந்தார்.

“மின்சாரத்தைத் திருப்பும்மா.”

திருப்பினாள். புரண்டது.

“இன்னொரு தடவை.”

புரண்டது.

“இன்னும் ஒரே ஒரு தடவை.”

மேடத்தின் செல்போன் அடித்தது. ஆபீஸ் கிளார்க் தேவசகாயம். அவர் குரல் அவளுக்கும் கேட்டது.

“மேடம், மணி அஞ்சாகப் போவுது. அந்தத் தலைப்பு மாத்துற ஃபாரம்?”

மேடம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எந்த ஃபாரம்?” என்றார்.

இன்னொரு கையால் அவளுக்குச் சைகை காட்டினார். மறுபடி திருப்பு.