குழியில் படர்ந்த சிவப்பு

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ரத்த வங்கியில் நிற்கும் ஒரு மனிதரின் ஆசையைக் காட்டுகிறேன். காலை வெயில் மேசையில் விழுகிறது. சிபிலிஸ் நோய்க்கான பழைய சோதனை அட்டையை லேப்காரப் பெண் சாய்த்துப் பார்க்கிறாள்; கரித்துகள் கட்டிதட்டாமல் புகைபோல் பரவியிருக்கிறது. நல்ல சேதிதான். பக்கத்தில் புதிய சோதனையின் சின்னக் குழி. பொட்டாகத் திரண்டு அடியில் நிற்க வேண்டிய சிவப்பு, பாய் விரித்ததுபோல் படர்ந்து கிடக்கிறது. இரண்டிலும் இருப்பது எதிரே நிற்கும் லாரி டிரைவரின் ரத்தம். முகம் தெரியாத யாரோ கொடுத்த ரத்தம்தான் பிரசவத்தில் அவர் மனைவியைப் பிழைக்க வைத்தது; தானும் ஒருமுறை கொடுத்துவிட வேண்டுமென்று வருஷா வருஷம் வருகிறார். "என்ன தங்கச்சி, இந்தத் தடவையாவது பாஸா?" "அட்டையில பாஸ், குழியில ஃபெயில் அண்ணே. நோய் எப்பவோ குணமாயிடுச்சு. ஆனா அது வந்துட்டுப் போனதை உடம்பு மறக்கல. ரெண்டுலயும் தேறினாத்தான் இங்க எடுப்போம்." "ஊசி போட்டுக்கிட்ட நானே மறந்துட்டேன், இதுக்கு என்ன அவ்வளவு ஞாபகம்?" என்று சிரிக்கிறார். "அடுத்த வருஷம் பாப்போமா?" "ஆயுசுக்கும் இப்படித்தான் அண்ணே காட்டும்." கண்ணாடிக் கதவுக்கு அப்பால் யாரோ ஒருவரின் பை மெல்ல நிறைகிறது. மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்க மனமில்லாமல் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். கொடுக்க நீளும் கைகளால் உங்கள் வீடு நிறையட்டும், கண்ணுகளா. அவை தருவதை வாங்கிக்கொள்ளவும் ஆள் இருக்கட்டும்.